ஆற்றை ரத்தத்தோடு வரைந்த பாண்டியம்மா

திருத்தங்கல் அச்சகத்தில் மத்தாப்பு லேபிள் ஓடிக்கொண்டிருந்தபோது மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "மச்சான், பாண்டியம்மா போயிட்டா" என்றார் அவள் வீட்டுக்காரர். எனக்கு மெஷினை நிறுத்தத் தோன்றவில்லை. முதலாளி வந்துதான் நிறுத்தினார்.

எங்கள் அச்சகத்துக்கு லேபிள் வரைந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கன்குடிப் பக்கம் வைப்பாற்றங்கரையில் பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கூட்டி, வீணான லேபிள் தாளின் பின்பக்கம் ஆற்றை வரைந்து கதை சொல்வாள். அவளைத் தெரிந்த உங்களுக்கு அந்தக் கதைகளும் தெரியும். கொலை இல்லாத கதையே கிடையாது. கொக்கு கெண்டையைக் குத்தும். தண்ணீர்ப்பாம்பு தவளையைக் காலோடு கவ்வி விழுங்கும். அவள் சொல்லச் சொல்ல தவளையாக நடிப்பவன் நான்தான். இந்த வயதில் மணலில் புரண்டு சாவேன். பிள்ளைகள் கத்துகிற கத்து அக்கரைக்குக் கேட்கும்.

ஒரு தாய் சண்டைக்கே வந்துவிட்டாள். "பிள்ள தூக்கத்துல அலறுது. இம்புட்டு ரத்தம் எதுக்கு?"

"ரத்தமில்லாம வரைஞ்சா அது ஆறு இல்ல மதினி, காலண்டர் படம். ஒண்ண ஒண்ணு தின்னுதான் அங்கன எல்லாம் உசுரோட கெடக்கு" என்றாள் பாண்டியம்மா. அந்தத் தாய் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அடுத்த வாரமும் பிள்ளையை அனுப்பினாள்.

பாண்டியம்மாவால் பொறுக்க முடியாதது வெடி போட்டு மீன் பிடிப்பது. கோடையில் ஆறு வற்றினாலும் ஓரிடத்தில் ஆழமாகத் தண்ணீர் நிற்கும், கசம் என்போம். மழை வந்ததும் ஆறு முழுக்கப் பரவ வேண்டிய மீனெல்லாம் அதில்தான் ஒண்டியிருக்கும். மாரிச்சாமி என்ற திரி வேலைக்காரன் பட்டாசுக் கம்பெனி வெடிமருந்தை டப்பாவில் அடைத்து அதற்குள் எறிவான். சினை மீன், குஞ்சு, ஆமை எல்லாம் வயிறு கிழிந்து மிதக்கும். ஒருநாள் பாண்டியம்மா அவற்றைக் கூடையில் அள்ளிப்போய் அவன் வாசலில் கொட்டினாள். "ஏலே, நீ எடுத்தது நாலு மீனு. மிச்சத்த எவன் திம்பான்? நீயே தின்னுலே." அவன் அறைந்தான். இவளும் திருப்பி அறைந்தாள். நான் விலக்கிவிட்டபோது அவள் உதடு கிழிந்திருந்தது.

கடைசி ஞாயிறு கதை நடுவிலேயே அவன் டப்பாவோடு வந்தான். பாண்டியம்மா கசத்தில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். "போடு, பாப்போம்." அவனும் இறங்கி, மிரட்டுவதற்காகப் பற்றவைத்து, அவள் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். எரிகிற திரியின் வேகம் கைக்கே தெரியும் என்ற திமிர் நம் ஊர்க்காரர்களுக்கு உண்டு. அந்தத் திரி வேறு கம்பெனித் திரி, அவன் நினைத்ததைவிட வேகமாக எரிந்தது. வெடித்தது. அவன் உள்ளங்கை போய்விட்டது. அவள் நெஞ்சு பிளந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோக நான் அவளைத் தூக்கி வரும்போது பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி யாரும் ஆற்றுப்பக்கம் போகக் கூடாது என்றார்கள் தாய்மார்கள். நாங்கள் போகாவிட்டால் கசம் வெடிக்காரர்களுக்குத்தான். காரியம் முடிந்த ஞாயிறு தாளைச் சுருட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாரிச்சாமியின் மகள் தள்ளி நின்றாள். மற்றதுகள் அவள் மேல் மணலை வாரி எறிந்தன. எனக்கும் எறியத் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

"எங்கப்பாவையும் வரைவீகளா மாமா?" என்று கேட்டாள்.

"வரைவேன். கையில வெடியோட வரைவேன்."

"கை போனதையும் வரைங்க" என்றாள்.

பாண்டியம்மாவின் கோபம் அப்படியே என்னிடம் இருக்கிறது. மாரிச்சாமியை நான் மன்னிக்கவில்லை. அவன் மகளை முன்னால் உட்கார வைத்துத்தான் கதை சொல்கிறேன்.