மருமகள் என்று சொன்ன வாய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தோரு வருஷமாக வேலை பார்க்கும் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். அவள் மடித்த விரிப்பில் கோணல் கண்டவர் கிடையாது. வீட்டு விஷயத்திலும் அப்படித்தான். எது வெளியே தெரிய வேண்டும், எது உள்மடிப்பில் கிடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு.

ஒரே மகன், பஸ் ஓட்டுகிறான், இந்த நாட்டுக் குடிமகன். விடுமுறையில் வெளிநாடு போனவன் அங்கே ஒரு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டுத் திரும்பினான். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் மூன்று மாத விசாவில் அவன் வீட்டைப் பார்க்க வந்தாள். வந்த இரண்டாம் வாரம் காலையில் வாந்தி. மடிப்பக்காவுக்குப் பரிசோதனை தேவைப்படவில்லை. அவள் செய்த முதல் காரியம் ஜன்னலைச் சாத்தியதுதான்.

மறுநாள் பெண்ணைத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். பதிவு ஜன்னலில் இருந்தவள் தினமும் அவளோடு தேநீர் குடிக்கும் சிநேகிதி. அந்த நேரம் பார்த்துப் பெண் கழிப்பறைக்கு ஓடியிருந்தாள்.

"யாருக்கா இது?"

"மருமக."

"அட, ஒரு வாய் கல்யாணச் சோறு போடல, அதுக்குள்ள மருமகளா?"

"ரிஜிஸ்டர் பண்ணியாச்சு. விருந்து அப்புறம் வைக்கிறேன்."

சிநேகிதி சிரித்துக்கொண்டே 'மணமானவர்' என்று தட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு மடிப்பக்கா வீடு திரும்பினாள்.

கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் கொஞ்சம் ரத்தம் பட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, நெடும்பயணம் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். விசா முடிய மூன்று வாரம் இருந்தது. மூவரும் வக்கீலம்மாவிடம் போனார்கள்.

"வழி ரெண்டுதான் இருக்கு. திரும்பிப் போய் அங்கேர்ந்து விண்ணப்பிக்கலாம். மாசக்கணக்கில் ஆகும், குழந்தை அங்கதான் பொறக்கும். இல்லைன்னா டாக்டர் கடிதத்தை வச்சு விசாவை நீட்டிக்கக் கேட்டுட்டு, இங்கேயே பதிவுக் கல்யாணம் பண்ணி, மனைவியா இருக்க அனுமதி கேக்கலாம்" என்றாள் வக்கீலம்மா.

"ஒண்ணும் கேக்காம சத்தமில்லாம இருந்துட்டா?" என்றாள் மடிப்பக்கா.

"அதுக்குப் பேரு வழி இல்லைம்மா, குழி."

பிறகு ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டியவள் பெண்ணைப் பார்த்தாள்.

"விமான நிலையத்துல என்ன சொன்னீங்க?"

"நிச்சயம் ஆகியிருக்கு, அவங்க வீட்டைப் பாக்க வந்தேன்னு உள்ளதைச் சொன்னேன்."

"இதுல மணமானவர்னு இருக்கே. விசா ஆபீஸ்ல பாக்கிறவங்க ரெண்டுல ஒண்ணு பொய்னு சொல்வாங்க. பொய் சொன்னவங்கன்னு பேர் விழுந்தா நீட்டிப்பும் கிடைக்காது, அடுத்த தடவை உள்ளேயும் விடமாட்டாங்க. ஆஸ்பத்திரியில இதை யார் சொன்னது?"

பெண் விழித்தாள். மகன் அவள் பக்கம் திரும்பினான். "நீயா சொன்ன?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

சொல்ல வேண்டியவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம்தான். தொண்டைவரை வந்தது. மகன் முன்னால், வக்கீல் முன்னால், இத்தனை வயசுக்கு மேல் பொய்க்காரியாவதா? விழுங்கிவிட்டாள்.

சாயங்காலம் அறைக்கதவுக்கு அந்தப்பக்கம் பேச்சுக் கேட்டது.

"நான் பொய் சொல்லியிருப்பேன்னு நெனக்கிறீங்களா?"

"பயத்துல சொல்லியிருக்கலாம்ல. தப்புன்னு சொல்லல."

வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த மடிப்பக்கா ஒரே சட்டையை நாலு தடவை மடித்தாள்.

விடிந்ததும் விரிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு ரத்தம். மடிப்பக்கா அதைப் பச்சைத் தண்ணீரில் முக்கினாள். ரத்தக்கறையைச் சூடு காட்டினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும், காயவிட்டாலும் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படித்த பாடம். புள்ளி சிறிதானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை. மகனை எழுப்பி டாக்சி பிடிக்கச் சொன்னாள்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தமும் நின்றிருந்தது. ஓய்வாக இருக்க வேண்டும், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மடிப்பக்கா பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்தாள், கால்மாட்டில் பையை வைத்துக் காலைத் தூக்கி வைத்தாள்.

"ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. காது கேக்கும் தூரம்தான்" என்றாள்.

பதிவு ஜன்னலில் எட்டுப் பேர் நின்றார்கள். சலவைக்கூடத்து ஆள் என்று முன்னால் போகாமல் கடைசியில் நின்றாள். முறை வந்தது.

"என்னக்கா, புதுசா வரிசையில எல்லாம் நிக்கிற?"

"ஒண்ணு திருத்தணும். என் மருமகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

பின்னால் யாரோ செருமினார்கள். சிநேகிதி குரலைத் தாழ்த்தினாள். "மெதுவா பேசுக்கா. உள்ள வா, பாத்துக்கலாம்."

"வேண்டாம். மெதுவா பேசித்தான் இவ்வளவும். அன்னைக்கு உன்கிட்ட நான்தான் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு பக்கத்துலகூட இல்ல."

சிநேகிதி திருத்தப் படிவத்தை எடுத்தாள். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. தகவல் தவறுதலா பதிவாச்சுன்னு போடறேன்."

"தகவல் தானா நடந்து வந்தா பதிவாச்சு? கூட வந்தவ வெக்கப்பட்டுப் பொய் சொன்னான்னு போடு."

"அப்படி எழுத முடியாதுக்கா."

"அப்ப படிவத்தைக் குடு, நானே எழுதறேன். இது வக்கீல்கிட்டப் போகணும்."

அவளே எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, நகல் எடுத்துக்கொண்டு திரும்பினாள். வரிசையில் இருந்தவர்கள் அவளைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். அது அவள் எதிர்பார்த்ததுதான். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

பெண் நகலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"நேத்து வக்கீலம்மா கேக்கும்போதே சொல்லியிருக்கலாம், அத்தை."

"சொல்லியிருக்கணும்."

"இவர் என்னைத் திரும்பிப் பாத்தார்ல, அந்தப் பார்வைக்கு எந்தப் படிவம்?"



பெண் காகிதத்தைத் தானே மடித்துத் தன் பையில் வைத்தாள். மடிப்பு நேராக இல்லை. மடிப்பக்காவின் கை பழக்கத்தில் நீண்டது, பாதியில் நின்றது.

"டாக்சி கூப்பிடுங்க. வக்கீல் ஆபீஸ் திறந்திருக்கும்" என்றாள் பெண். எழுந்திருக்க மகன் கொடுத்த கையை விட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்தே எழுந்தாள்.