துப்பாக்கிப் பெட்டிக்கு வைத்த சந்தனம்

இந்த ஊர்க் கடையில் யாராவது உங்கள் காலை மிதித்தால் அவர் 'ஸாரி' என்கிறார். நீங்கள் அவர் காலை மிதித்தாலும் அவரே 'ஸாரி' என்கிறார். யாரும் யாரையும் மிதிக்காமல் பால் அலமாரிக்கு முன்னால் சும்மா நின்றால்கூட, ஒருவர் ஸாரி சொல்லிக்கொண்டே கையை நீட்டிப் பாலை எடுக்கிறார். டென்னசிக்கு வந்து பதினாறு வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. எங்கள் சேரன்மகாதேவியில் ஒருவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அதோடு முடிந்தது. வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்பது பெரிய காரியம், ஒருவர் கேட்டால் தெருவே நின்று பார்க்கும். அதனால்தானோ என்னவோ, ஒரு பெட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியபோது அவர்கள் சொன்ன ஒவ்வொரு ஸாரிக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்துவிட்டார்கள். இங்கே அதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார், திரும்பி வரும்போது என் மடியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. என் மனைவி மீனா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "பச்சப் பிள்ள இருக்கிற வீட்டுல இதக் கொண்டாந்து வைக்கியளே, என்ன மனுசன் நீங்க?" என்று நான்காம் நாள் கேட்டாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், என் விரல் பட்டால் மட்டும் திறக்க வேண்டும். அப்படி ஓர் இரும்புப் பெட்டி வாங்கினேன். விரல் ரேகையில் திறப்பது, ஆயுள் முழுக்க வாரண்டி. படுக்கையறை அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வயது மகள் அனு அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். "அப்பா, உங்க பெட்டி பூட்டவே இல்ல" என்றாள். மூடி ஒரு விரற்கடை தூக்கி நின்றது. உள்ளே அது இருந்தது. தொடவில்லை என்று சொன்னாள். நான் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என்னத்தைத் தேடினேன் என்று எனக்கே தெரியாது. தோசை கருகிப் புகை அலாரம் கத்த ஆரம்பித்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

மறுநாளே கம்பெனியைக் கூப்பிட்டேன். ஆஷ்லி என்று ஒரு பெண் பேசினாள். நல்ல குரல், நல்ல பொறுமை. உங்களுக்கு இப்படி நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன் என்றாள். பூட்டு கெட்டுப்போனது உங்கள் தப்புதானே என்றேன். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது என்றாள். புரிவது இருக்கட்டும், தப்பு உங்களுடையதா இல்லையா என்றேன். உங்களைக் காத்திருக்க வைப்பதற்கு மன்னியுங்கள் என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். புதுப் பெட்டிக்காக நான் பேசவில்லை. என் பிள்ளையின் கையில் அது வந்ததற்கு யாராவது ஒருத்தர் காரணமாக இருக்க வேண்டும், அந்த ஆள் நானாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். அதில் ஏழாவது கேள்வி, பெட்டியின்மேல் உரிமையாளர் ஏதேனும் பூசியதுண்டா என்பது. 'இல்லை' என்று குறித்தேன். மறந்துபோய்க் குறித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை.

அதற்கு முன்னால் வந்த ஆயுத பூசையன்று மீனா காருக்கும் மிக்சிக்கும் என் மடிக்கணினிக்கும் பொட்டு வைத்து முடித்த பிறகு, நான் அந்தச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் படுக்கையறைக்குப் போனேன். மூடியில் மூன்று இடம். பிறகு பூட்டின் நாக்கு போய் விழும் துளைக்குப் பக்கத்தில் ஓர் இடம், நன்றாக அப்பி. நடுவில் குங்குமம். ஏன் வைத்தேன் என்று கேட்டால், கை போனது என்றுதான் சொல்வேன். அது என் கை மாதிரியே இல்லை, அப்பாவின் கை.

அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். எங்கள் பக்கத்தில் அப்படி வருகிறவர்கள் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை லைசென்சோடு வாங்கிக்கொண்டால் பேங்கில் காவல் வேலை கிடைக்கும். அப்பாவுக்கு முக்கூடலில் கிடைத்தது. காக்கிச் சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக வாசலில் நிற்பார். பீடி சுற்றும் பெண்கள் நிறைய வருவார்கள். எழுதத் தெரியாதவர்கள் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினால் அப்பா எழுதிக் கொடுப்பார். துப்பாக்கி கையை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம், அதனால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எழுதுவார். அன்று பேனா மை இறங்கவில்லையாம். உதறி எழுதுவதற்காக ஒரு நிமிடம் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது வழுக்கித் தரையில் விழுந்து வெடித்தது. சீட்டை நீட்டிக்கொண்டு எதிரில் நின்ற பேச்சியம்மாள் அங்கேயே இறந்துபோனாள். எட்டு வயதில் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். நான் அப்போது கல்லூரியில் முதல் வருடம்.

பாளையங்கோட்டை வக்கீல் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சொன்னது இப்போதும் என் காதில் கிடக்கிறது. "கூட்டத்துல யாரோ தட்டி விட்டாங்கன்னு சொல்லும். சாச்சு வச்சேன்னு வாயத் தொறந்தீர்னா உள்ளதான் போகணும். மன்னிப்புக் கின்னிப்புன்னு அந்த வீட்டுப் பக்கமே போகாதேயும்வே, தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்." அப்பா அப்படியே சொன்னார். விடுதலை ஆனார். லைசென்ஸ் போய்விட்டது, துப்பாக்கியும் திரும்பி வரவில்லை. அது மாட்டியிருந்த இரண்டு ஆணிகள் மட்டும் சுவரில் இருந்தன. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அப்பா அந்த இரண்டு ஆணிக்கும் சந்தனம் வைப்பார். அம்மா ஒரு தடவை அவற்றைப் பிடுங்கப் போனாள், அப்பா விடவில்லை. அந்தச் சாவைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறை பேசினார், அதுவும் கேட்காமலே. "எழுதித் தாங்க அண்ணாச்சின்னு கேட்டா. எழுதத்தாம்லே வச்சேன்" என்றார்.

நான் அனுப்பிய பெட்டியை ஆராய்ந்து கம்பெனி கடிதம் அனுப்பியது. பூட்டில் குறை இல்லை. பூட்டின் நாக்கு விழும் துளையில் பயனர் பூசிய, இன்னதென்று தெரியாத மஞ்சள் நிறப் பொருள் காய்ந்து அடைத்திருக்கிறது. ஆகவே வாரண்டி செல்லாது, உங்கள் ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம். மீனாவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "மஞ்சப் பொருளாமே! நாம என்ன பெட்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனோமா? புளுகுதான். விடாதீங்க, கேஸ் போடுங்க" என்றாள். நானும் தலையை ஆட்டினேன்.

அன்றிலிருந்து அப்பா இந்த வீட்டில் இருந்தார். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் அறையைத் திறந்தால் துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் வாசனை வந்தது. பட்டப்பகலில் கார் நிறுத்துமிடத்தில் காக்கி நிறமாக யாரோ ஒதுங்கி நின்றார்கள், போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டி. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் என் வாய் அவர் வாய் மாதிரி இறுகியிருந்தது. அனு பென்சிலை நீட்டிச் சீவித் தரச் சொன்னால், வாங்குவதற்கு முன்னால் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போன அப்பாவைக் கண்டு நாற்பது வயதுக்கு மேல் பயப்படுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நான்காம் நாள் ஆஷ்லியைக் கூப்பிட்டேன். அந்த மஞ்சள் பொருள் சந்தனம், நான்தான் வைத்தேன், விண்ணப்பத்தில் பொய் சொன்னேன் என்றேன்.

"அது எண்ணெய் மாதிரி உராய்வைக் குறைப்பதற்கா, ஸார்?"

"இல்லை. கும்பிடுவதற்கு."

"துப்பாக்கியைக் கும்பிடுவீர்களா, ஸார்?"

"துப்பாக்கியை இல்லை. அது யாரையும் ஒன்றும் செய்துவிடக் கூடாது என்று கும்பிடுவோம்."

அவள் எதையோ தட்டச்சு செய்தாள். கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், தப்பு என்னுடையது என்றேன். அப்படி ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று அவளுக்கு எழுதிக் கொடுத்த தாளில் இல்லை போலிருக்கிறது. பழக்கத்தில் ஸாரி என்றாள்.

மீனாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "பிள்ள கைக்கு வந்துட்டு. யாரு தப்புன்னு வச்சு நான் என்ன செய்ய? அத முதல்ல வெளிய கொண்டு போங்க" என்றாள். கொண்டுபோய்க் காவல் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்தவர், இதில் ஏதாவது பழுதா என்று கேட்டார். இதில் ஒன்றும் பழுதில்லை என்றேன்.

துப்பாக்கி போன பிறகும் அப்பா போகவில்லை. பெட்டிக் கம்பெனிக்காரியிடம் நான் சொன்ன ஒரு வரியை அவர் முக்கூடலில் போய்ச் சொல்லவில்லை, அதனால்தான் நிற்கிறார் என்று பட்டது. அவருக்காக நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்னோடு படித்த ஒருவனின் மனைவி முக்கூடலில் ஆசிரியை. பேச்சியம்மாளின் மகள் இசக்கியும் அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்து அவள் தொலைபேசி எண்ணை வாங்கிக் கொடுத்தான். சனிக்கிழமை காலை கூப்பிட்டேன், அங்கே விளக்கு வைத்து நேரமாகியிருக்கும். யார் என்று சொன்னதும், "சொல்லுங்கண்ணே" என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"எங்க அப்பா துப்பாக்கியச் சுவத்துல சாச்சு வச்சாகம்மா. யாரும் தட்டி விடல. கோர்ட்ல சொன்னது பொய்."

"தெரியும்ண்ணே. பேங்க்ல பத்துப் பேரு பாத்துக்கிட்டுதான இருந்தாக."

"ஒரு தடவ வந்து உங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கணும். அவுக வரவே இல்ல."

"வந்தாகளே" என்றாள் இசக்கி.

அவளே சொன்னாள். "நீங்க அமெரிக்கா போன பொறவு. எங்க அம்மா செத்த நாளைக்கு வருசா வருசம் வருவாக. எதுத்தாப்ல டீக்கடை ஓரமா அங்கன நிப்பாக. ரெண்டு மணி நேரம் நிப்பாக, பொறவு பஸ்ஸேறிப் போயிருவாக. நான் போயிக் கூப்பிடட்டாப்பான்னு கேப்பேன், எங்க அப்பா விடமாட்டாக. 'அவரா ஏறி வரட்டும்'ம்பாக. ஆனா அன்னைக்கு மட்டும் வயலுக்குப் போகாம, வாசல்ல நாக்காலியப் போட்டு உக்காந்திருப்பாக. கடைசியா ஒரு வருசம் என்ன நெனச்சாகளோ, ரெண்டு நாக்காலி போடச் சொன்னாக. ரெண்டு காப்பியும் போடச் சொன்னாக. பஸ்ஸு ஒண்ணொண்ணா வந்துட்டுப் போச்சு பாத்துக்கிடுங்க. அந்த வருசம் உங்க அப்பா வரல."

அந்த வருடம் ஆனி மாதம் அப்பா இறந்துபோயிருந்தார். நானே மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பேன், "சும்மாதாம்லே இருக்கேன்" என்பார். அவர் முக்கூடலுக்குப் பஸ் ஏறினதையோ இறங்கினதையோ எனக்குச் சொல்லவில்லை. நானும் வேறெதையும் கேட்டதில்லை. இசக்கியிடம் அப்பா இறந்ததைச் சொன்னேன். "எங்களுக்கு யாரும் சொல்லலையேண்ணே" என்றாள். அவள் அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறதாம். பிறகு, "ஊருக்கு எப்ப வாரிய? வந்தா நேர வீட்டுக்குள்ள வாங்க" என்றாள். சரி என்றேன், எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.

மீனா உள்ளே வந்தாள். நான் அழுததைப் பார்த்திருப்பாள். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன, அதில் ஒன்றை இழுத்து என் பக்கம் போட்டு, "எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே பேசுதிய? உக்காருங்க" என்றாள். ஜன்னலுக்கு வெளியே தபால் வண்டி நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது முக்கூடல் பஸ்ஸாகத் தெரிந்தது, டீக்கடை ஓரத்தில் அப்பா இன்னும் அதில் ஏறாமல் நிற்கிறார்.

"இருக்கட்டும்" என்றேன். "கொஞ்சம் நிக்கேன்."