அடுப்பின் இரண்டாவது வாய்

எண்பதுகளின் நடுவில், உத்திரமேரூர் பக்கம் எங்கள் கிராமத்தில் நடந்தது இது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பாலிடெக்னிக் முடித்த எனக்கு ஊராட்சி ஒன்றியத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அரசு உதவியில் வீடுகளுக்குப் புகையில்லா அடுப்பு கட்டித் தர வேண்டும். அதில் சமைக்கவும் சொல்லித்தர வேண்டும்.
2. எங்கள் தெருவுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு அடுப்பு.
3. அது பக்கத்து வீட்டுக்குப் போனது. பணியாளர் வீட்டுக்கே முதலில் கொடுத்தால் ஊர் பேசும் என்றார் அதிகாரி.
4. அதைக் கட்டியவள் நான்.

நான்காவதுதான் தாங்கவில்லை. சவுக்கு மிலாறுச் சுள்ளிகளை எரித்து எரித்து அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்து நீர் வடியும். இப்படியே புகையில் உட்கார்ந்தால் பார்வை போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பக்கத்து வீட்டு அத்தைக்கோ கண்ணில் ஒரு குறையும் கிடையாது. வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான்.

அதற்காக வேலையைக் கெடுக்கவில்லை. மண்ணையும் உமியையும் பதமாகக் குழைத்துக் கட்டினேன். முதல்முறை பற்ற வைத்தபோது புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போனது. எரிந்தது என் வயிறுதான்.

"முதல் வாய்க்குக் கீழதான் நெருப்பு. அந்த அனல்லயே ரெண்டாவது வாய்ல வெச்ச சட்டியும் வேகும். அதை மட்டும் காலியா விடாதீங்க அத்தை, புகை அது வழியா வெளிய வந்துடும்" என்றேன்.

"எங்க ரெண்டு பேருக்கு ஒரு சட்டியே ஜாஸ்தி. இன்னொண்ணுத்துக்கு நான் எங்கடி போவேன்?" என்றார்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. "யக்கா! உன் பொண்ணு உத்தரவு போட்டுக்கீறா. ரெண்டாவது வாயைக் காலியா வுடக்கூடாதாம். கொயம்பு சட்டிய எடுத்துக்கினு வா!"

அம்மா போனாள். சில நாளில், அத்தையின் சமையல் முடிந்ததும் எங்கள் சோற்றுப் பானையும் அங்கேயே ஏறியது. எங்கள் அடுப்பு அணைந்தே கிடந்தது. அம்மாவின் கண்ணில் சிவப்பு குறைந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் வேலிக்கு அப்பால் அம்மா வாய்விட்டுச் சிரிப்பது கேட்கும். என்னோடு அப்படிச் சிரித்ததாக நினைவே இல்லை. முன்பு அடுப்பின் மேல் பொறாமை. இப்போது அத்தையின் மேல்.

அடுத்த வருஷம் எங்கள் முறை வந்தது. அம்மா உட்காரும் உயரத்தை அளந்து, மேடையை அவளுக்கென்றே கட்டினேன். அவள் சோற்றுப் பானையை ஏற்றினாள். "நல்லா கீது" என்றாள். பிறகு குழம்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கம்மா போற?"

"அவ வூட்ல ரெண்டாவது வாய் காலியா கீதே. நீதானடி சொன்ன?"

அம்மாவின் பார்வையைக் காப்பாற்றியது நான் கட்டிய அடுப்பு. அதன் பக்கத்தில் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தது அத்தை. அதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் அடுப்பின் இரண்டாவது வாயில் வெந்நீர்ப் பானை ஏறியது. குழம்பு கடைசிவரை பக்கத்து வீட்டில்தான் கொதித்தது. எனக்கு இன்னும் பொறாமைதான்.