இரவல் நம்பரில் திறந்த லூடோ கணக்கு

தொலைபேசிக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். கல்முனையில் ஒரு கொமியுனிகேஷன் கடையின் கவுண்டரில் இப்போதும் நான்தான் நிற்கிறேன். வருகிற அக்காமாரைத் தாத்தா என்றும் அண்ணன்மாரை நானா என்றும்தான் இங்கே கூப்பிடுவோம்.

1. "நான் எப்ப சிரிச்சன்?"

மாவடிப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்த ரமீஸா தாத்தா, ஸலாம்கூடச் சொல்லாமல் போனைக் கவுண்டரில் வைத்தார்.

"தங்கச்சி, இந்த லூடோ என்ன வெளிய தள்ளிட்டுது. உள்ளுக்குப் போக ஏலா. அவரும் ரெண்டு நாளா நான் எடுத்தா பதிலில்ல. இதக் கேளுங்க."

கத்தாரில் ஒரு ஸ்டோரில் வேலை செய்யும் அவருடைய கணவர் நவாஸ் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் அது. "நான் கேட்டதுக்கு நீ சிரிச்சாய்தானே. காணும்." அவ்வளவுதான்.

"நான் எப்ப சிரிச்சன் தங்கச்சி? அவர் என்ன கேட்டாரெண்டே எனக்குத் தெரியா."

அந்த லூடோக் கணக்கை அவருக்குத் திறந்து கொடுத்தவள் நான்.

2. திறந்து கொடுத்த விதம்

நவாஸ் நானா வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இருவரும் லூடோ விளையாட வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்றுதான் சில வாரங்களுக்கு முன் ரமீஸா தாத்தா முதன்முதலில் வந்தார். அந்த விளையாட்டு தொலைபேசி இலக்கம் கேட்கும். கொடுத்தால், அந்த இலக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் எல்லாருக்கும் இன்னார் விளையாட வந்திருக்கிறார் என்று அறிவித்தல் போகும்.

"மாமிட போனுல 'ரமீஸா லூடோவுக்கு வந்துட்டா' எண்டு மணியடிச்சா என்ட கதை முடிஞ்சிது. மாமி மட்டுமா? மதினிமார் நாலு பேர் இரிக்காளுகள். புருஷன் வெளிநாட்டுல, இவ இங்க விளையாட்டு எண்டு ஊரக் கூட்டிருவாளுகள்."

"பயப்படாதீங்க தாத்தா. உங்கட நம்பர் தேவையே இல்ல" என்றேன்.

தற்காலிக இலக்கங்களை இலவசமாகக் கொடுக்கும் ஓர் இணையத்தளத்தைத் திறந்தேன். அதிலிருந்த ஒரு வெளிநாட்டு இலக்கத்தை விளையாட்டில் போட்டேன். ஓடிபி அந்தத் தளத்தின் பக்கத்திலேயே வந்து விழுந்தது. வாசித்து அடித்தேன். கணக்கு திறந்தது.

"அட அல்லாஹ்! கெட்டிக்காரிதான் கா நீங்க."

அவரைப் போல் வேறு சில பெண்களுக்கும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

அன்றைக்கு எனக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்பதை வரிசையாக எழுதிவிடுகிறேன்:

(அ) அந்தப் பக்கத்துக்கு வரும் மெசேஜை உலகத்தில் யாரும் வாசிக்கலாம். நானே அப்படித்தான் வாசித்தேன்.
(ஆ) அதே இலக்கத்தை இன்னொருவர் அதே விளையாட்டில் போட்டால் புதிய கணக்கு திறக்காது. ஏற்கெனவே இருக்கும் கணக்குத்தான் திறக்கும்; முன்பு உள்ளே இருந்தவரை அது வெளியே தள்ளிவிடும்.
(இ) ஒரு புது சிம்மை அவருடைய ஐடென்டி அட்டையில் பதிந்து கொடுத்தால் இந்தக் கவலை எதுவுமில்லை. சிம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

நான் வலையமைப்பில் டிப்ளோமா முடித்தவள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. சிம்முக்குப் படிவம் நிரப்ப வேண்டும், இதற்கு ஒரு நிமிடம் போதும். அதோடு, கெட்டிக்காரி என்ற பேர் எனக்குப் பிடித்திருந்தது.

3. உள்ளே இருந்தது

ரமீஸா தாத்தாவை இருக்கச் சொல்லிவிட்டு அந்தத் தளத்தைத் திறந்தேன். இலக்கம் இன்னும் அங்கேயே இருந்தது. அன்றைக்கு நான் எடுத்த ஓடிபிக்குப் பிறகும் அதே விளையாட்டிலிருந்து ஓடிபிகள் வந்திருந்தன. யாரோ உள்ளே போயிருக்கிறார். எந்த நாட்டுக்காரரோ, சின்னப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நானும் ஒரு ஓடிபி எடுத்து, தாத்தாவின் போனில் அதே வழியால் உள்ளே போனேன். அரட்டைப் பெட்டியில் நவாஸ் நானா எழுதியிருந்தார்.

"எனக்கு இங்க இரிக்க ஏலா ரமீ. போனுல சொல்ல வெக்கமா இரிக்கி. எல்லாத்தையும் உட்டுட்டு ஊருக்கு வரட்டா?"

அதன் கீழே பதிலாக, தாத்தாவின் கணக்கிலிருந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று.

"உண்மையாத்தான் கேக்கிறன்."

மறுபடியும் அதே முகம், இன்னும் பெரிதாக.

மனைவி வாசிக்க வேண்டியதை அவருக்கு முதல் நான் வாசித்துவிட்டேன். போனைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நடந்ததைச் சொன்னேன். எங்கள் முதலாளி ஹனீபா நானா கேட்டுக்கொண்டே கிட்ட வந்தார்.

"ஹேக் பண்ணிட்டாங்களெண்டு சொல்லி உடு புள்ள. கடைட பேர இழுக்காத."

நான் சொல்லும் முன் ரமீஸா தாத்தா திரும்பினார். "ஹேக்கெண்டா அவர் என்ன நெனப்பார் நானா? நான் எவனுக்கோ இடம் குடுத்து அவன் உள்ளுக்கு வந்தானெண்டு நெனப்பார். சிரிச்சது நானில்லயெண்டு இந்தப் புள்ளதான் சொல்லணும்."

அவருடைய போனிலேயே வொய்ஸ் மெசேஜ் பதியத் தொடங்கினேன். "அங்கீகாரக் குறியீடு மூன்றாம் தரப்பு ஒருவரால் பெறப்பட்ட காரணத்தினால்..."

"இதென்ன கா, நியூஸா வாசிக்கிறீங்க? ஆரு செஞ்சதெண்டு சொல்லுங்க."

அழித்துவிட்டு மறுபடி பதிந்தேன். "நானா, நான் கல்முனைக் கடையில வேல செய்யிற புள்ள. தாத்தாட கணக்க நான்தான் திறந்து குடுத்தன். ஆரும் பாக்கக்கூடிய நம்பர் ஒண்டுல திறந்தன். அது பிழையெண்டு எனக்குத் தெரியும், தாத்தாக்குத் தெரியா. ரெண்டு நாளா உள்ளுக்கு இருந்தது தாத்தா இல்ல. ஆரெண்டு எனக்கும் தெரியா."

ஹனீபா நானா வெளியே போய் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. ரமீஸா தாத்தா போனை என்னிடம் தந்தார்.

"நீங்களும் வாசிச்சீங்களா?" என்று கேட்டார் நவாஸ் நானா.

"ஓம் நானா."

அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சரி. போன அவட்ட குடுங்க."

கொடுத்துவிட்டுக் கடையின் மறு கோடிக்குப் போய், போன் கவர்களை அடுக்குவது போல் நின்றேன். சின்னக் கடை, எல்லாம் கேட்டது. ரமீஸா தாத்தா வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "வாங்க. ஊர் என்னத்தையும் கதைக்கட்டும். நீங்க வாங்க."

பழைய கணக்கை அழித்துவிட்டு, அவருடைய சொந்த இலக்கத்திலேயே புதிதாகத் திறக்கச் சொன்னார். போகும்போதுதான் கேட்டார்: "ஏன் தங்கச்சி, அண்டைக்கே ஒரு சிம்மத் தந்திரிக்கலாமே?"



4. இப்போது

தற்காலிக இலக்கம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது உங்கள் இலக்கமல்ல, இதில் வருவதை யாரும் வாசிக்கலாம், கணக்கும் உங்களுடையதாக இருக்காது. சிலர் சிம் எடுக்கிறார்கள். சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். நீங்களும் கவுண்டரில் நிற்கும்போது, தெரிந்ததை வேலை தொடங்கும் முன்பே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

மற்றப் பெண்களுக்கும் அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் அவர்கள் ஒருவருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. அதை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அவர்கள் என்னிடமே வந்தார்கள்.

ஆகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் போனைக் கையில் பிடித்தபடி படியேறினால், போனுக்குக் காசு ரீலோட் போடத்தான் வருகிறாரா, ரமீஸா தாத்தாவைப் போல் கணக்கு கைவிட்டுப்போய் வருகிறாரா என்று முதலில் முகத்தைப் பார்க்கிறேன்.