சொன்ன பேச்சு கேட்காத ஜன்னல்

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது.

பேய், பிசாசு என்று யாரும் கிளம்பி வந்துவிடாதீர்கள். அது நான் செய்த ஜன்னல். அவ்வளவுதான்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே... வெயில் கொளுத்தும்போதும் குடையோடு போகிறவன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, வீட்டைப் பூட்டினோமா என்று இறங்கி ஓடி வருகிறவன். வீட்டுக்குள் மனைவி இருப்பாள் — அது வேறு விஷயம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக் கணக்கு வராது; கவலை மட்டும் கேட்காமலே வரும்.

ஆனால் இந்த முறை கவலைக்குக் காரணம் இருந்தது. என் மனைவி செல்லத்துக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிரசவத்தின்போது, பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று மாமியார் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டார். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், தகரக் கூரையின் கீழே எங்கள் அறை. மத்தியானத்தில் அங்கே ரொட்டி சுடலாம். செல்லத்துக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுதே தீர்த்தாள்.

"இந்தத் தடவை எனக்குக் காத்து வேணும்," என்றாள் இப்போது.

தன் ஊரான குளுவாங்கிலிருந்து வந்திறங்கிய மாமியாரோ, "காத்து ஆகவே ஆகாது," என்றார்.

என் மாமியார் என்னோடு நேராகப் பேசமாட்டார். மாப்பிள்ளைக்கு மரியாதை! நான் எதிரே நின்றாலும் மகளிடம்தான் சொல்வார். "செல்லம், உன் வீட்டுக்காரருகிட்ட சொல்லிடு. அறை சரிப்படலேன்னா ஆத்தாளையும் புள்ளைங்களையும் நான் குளுவாங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

மாதக் கணக்கிலா? செல்லம் என்னைப் பார்த்தாள். போக அவளுக்கு இஷ்டமில்லை.

அப்போதுதான் துரை வீட்டு ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. நான் துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். ஒரு முறை சாவி கொடுக்கப் பெரிய துரையின் பங்களாவுக்குப் போனபோது பார்த்தது. கண்ணாடி போட்ட மரச்சட்டங்கள் இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று. மேல் சட்டத்தைக் கீழே இறக்கலாம், கீழ்ச் சட்டத்தை மேலே தூக்கலாம். விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் மரப்பெட்டி. அதற்குள் கயிற்றில் இரும்பு எடை தொங்கி, கப்பி வழியாகச் சட்டத்தைத் தாங்கிக்கொள்கிறது.

யோசித்துப் பாருங்கள். மேல் சட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் அறையின் சூடு வெளியே போய்விடும். கீழ்ச் சட்டம் மூடியே இருந்தால் கட்டில் பக்கம் காற்று வராது. மகள் சொன்னதும் நடக்கும், தாய் சொன்னதும் நடக்கும்!

குளியலறைக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே எனக்கு ஒரு பட்டறை உண்டு. அதாவது, ஒரு மேசை. மெராந்திப் பலகை வாங்கி, இழைத்து, உளியால் துளை போட்டு, சட்டம் கோத்தேன். முதல் சட்டம் கோணல். இரண்டாவது, முதலாவதுக்குப் பொருத்தமான கோணல்.

எடைக்குச் சுங்கை ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் குழாய்த் துண்டுகள் கிடைத்தன. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அந்தோணி தூக்கி வர உதவினார்.

"எவ்வளவு எடை போடணும்ணே?"

"சட்டம் எவ்வளவு கனமோ, அவ்வளவு."

சொன்னேனே தவிர, மனசு கேட்கிறதா? சட்டம் விழுந்து மூத்த பிள்ளையின் விரலை நசுக்கிவிட்டால்? ஒரு துண்டு சேர்த்தேன். செல்லம் தலையை வெளியே நீட்டும்போது விழுந்தால்? இன்னொரு துண்டு. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு கயிற்றிலும் ஆளுக்கொன்று...

"அண்ணே, ஜன்னல் செய்றீங்களா, கப்பலுக்கு நங்கூரம் செய்றீங்களா? போதும் லா!" என்றார் அந்தோணி.

பிறகு பெட்டிக்குள் பூரான் குடியேறுமே என்று பயந்து, ஓர் இடுக்குக்கூட விடாமல் ஆணி அடித்து, புட்டிப் பசை வைத்து மூடினேன். சட்டங்கள் இறுக்கமாக இருந்ததால் எங்கே விட்டாலும் நின்றன. என் எடைக் கணக்குதான் நிறுத்துகிறது என்று நான் மார் தட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? செல்லமும் குழந்தையும் வீடு திரும்பிய அன்று, இறுக்கமாக இருந்தால் அவளுக்குக் கை வலிக்குமே என்று, ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன்.

சாயங்காலம் மழைக்காற்று கிளம்பியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ச் சட்டம் மெள்ள... மெள்ள... மேலே போனது. காற்று நேராகக் கட்டிலில் பாய்ந்தது. ஓடிப்போய் இறக்கினேன். கையை எடுத்தேன். மறுபடி போனது. மேல் சட்டத்தையாவது இறக்கலாம் என்று தொங்கினால், அது என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது!

அதிக எடை என்ன செய்யும்? எதையும் மேலேதான் இழுக்கும். மூட வேண்டியது திறந்துகொண்டது. திறக்க வேண்டியது மூடிக்கொண்டது. விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து, விழவே தெரியாத ஜன்னலைச் செய்து வைத்திருந்தேன்.

ஒரு கொண்டி அடித்தால் போதாதா என்பீர்கள். சுத்தியலால் ஒரே ஒரு அடிதான் அடித்தேன். குழந்தை வீறிட்டது. பெட்டியைப் பிரித்து எடையைக் குறைக்கலாமென்றால்... பூரானே நுழைய முடியாத இடத்தில் நான் எப்படி நுழைவது?

மாமியார் எழுந்தார். ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். செல்லமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் அடுப்படிக்குப் போய் அம்மிக் குழவியைப் பழைய புடவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, இந்தப் பக்கம் கெட்டியாப் புடிங்க!"

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. திகைப்பில் பிடியை விட்டுவிட்டேன். ஜன்னல் மறுபடி மேலே போனது.

"புடிங்கன்னா!" இது இரண்டாவது வார்த்தை.

கீழ்ச் சட்டத்தில் குழவியைக் கட்டினோம். மூடி நின்றது. மேல் சட்டத்துக்கு என்ன செய்ய? அவரே கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து நீட்டினார். மேல் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டினேன். அது ஒரு சாண் இறங்கி, அங்கேயே நின்றது. கூரையடிச் சூடு மெதுவாக வெளியேறியது. கட்டிலில் ஒரு துளி காற்று இல்லை. மாமியார் கையை நீட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"எனக்குக் குளுவாங் வேணாம்மா," என்றாள் செல்லம். கொஞ்ச நேரத்தில் தாயும் பிள்ளையும் தூங்கிப்போனார்கள்.

மசாலாவுக்குக் கவலையில்லை, தேக்கா சந்தையில் அரைத்தே வாங்கிக்கொள்கிறோம். இஸ்திரிப் பெட்டிக்குத்தான் வழியில்லை. ஆகவே, கசங்கிய சட்டையோடு என்னை வழியில் பார்த்தால் ஏன் என்று கேட்காதீர்கள் — வீட்டில் செல்லம் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாள்.