பழுதுக்கு வராத மெஷின்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு நீல மார்க் கம்பெனி என்றாலே வயிற்றெரிச்சல். பதினெட்டு வருஷமாக அவர் கடை வாசலில் வரிசை கட்டி நிற்பது அந்த மெஷின்தான். பெல்ட் அறும், டிரம் ஆடும், அடியில் தண்ணீர் ஒழுகும். "தகர டப்பாவை செஞ்சு தலையில கட்டறானுங்க" என்று திட்டாமல் அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்ததே கிடையாது.

வாடகைக்கு இருக்கும் அந்தக் கடையைச் சொந்தமாக வாங்க, புருஷனும் பெண்டாட்டியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி, அதை நீல மார்க் ஷேரில் போட்டுக் கொடுத்திருந்தான். இவருக்கு விஷயம் தெரிந்ததும் ஏறின சூட்டில் அத்தனையும் விற்றார். பச்சை மார்க் கம்பெனி ஷேராக வாங்கித் தள்ளினார்.

"கோபத்துல போடாதீங்க மாமா" என்றான் மச்சான்.

"நீ பேனா புடிக்கிறவன். நான் மெஷினோட குடலை உருவிப் பாத்தவன். பச்சை மார்க் ஒண்ணுகூட ரிப்பேருன்னு என் கடைப் படி ஏறினதில்ல. தெரிஞ்சுக்க."

இரண்டு வருஷத்தில் பச்சை பாதியாகத் தேய்ந்தது. நீலம் ஏறிக்கொண்டே போனது. கடை ஓனரோ வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார்.

"இப்ப வித்தாக்கூட, என் நகையையும் சேத்தா கடை நம்மளுது" என்றாள் பெண்டாட்டி.

"வாங்கின விலைக்கு வரட்டும். அடுத்த நிமிஷம் தள்ளிடறேன்."

"அந்த விலை உங்களுக்குத்தாங்க ஞாபகம் இருக்கு. மார்க்கெட்டுக்கா இருக்கும்?" கையோடு இன்னொன்றும் கேட்டாள். "பச்சை மெஷினை யார் வீட்லயாவது பாத்திருக்கீங்களா?"

மெக்கானிக் மனசுக்குள்ளேயே வீடு வீடாக ஏறி இறங்கினார். டாக்டர் வீடு, வாத்தியார் வீடு, லாட்ஜ், ஹாஸ்டல். எல்லா இடத்திலும் நீலம். பச்சையை யாராவது வாங்கினால்தானே அது பழுதாகி வரும்? விஷயம் புரிந்துவிட்டது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"உன் தம்பி அறிவாளி, நான் மடையன். அதான சொல்ல வர்ற?"

"அறிவாளி பட்டத்தை நீங்களே வெச்சுக்கங்க. கடை வேணுமா, வேணாமா?"

வியாழக்கிழமை மத்தியானம் போனைத் திறந்தார். விற்கிற பட்டனுக்கு மேலே கட்டைவிரல் நின்றது. விற்றது தெரிந்தால் மச்சான் சும்மா தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டலை நினைத்ததுமே உடம்பெல்லாம் எரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டிரம்மைக் கழற்றப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓனர் வந்தார். கூடவே டேப்போடு செல்போன் கடைக்காரன்.

"இன்னும் பத்து நாள் குடுங்க சார்."

"மூணு தடவை குடுத்தாச்சுப்பா. அவர் அட்வான்ஸ் குடுத்துட்டார்."

அந்த ஆள் இவர் கண்ணெதிரிலேயே சுவரை அளந்தான். கழற்றிப்போட்ட மோட்டாரைத் தாண்டித் தாண்டி அளந்தான். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் மெக்கானிக் போனை எடுத்து, பச்சை ஷேர் மொத்தத்தையும் விற்றுத் தொலைத்தார். முந்தின நாளைவிட விலை இன்னும் இறங்கியிருந்தது.

வீட்டில் சொன்னதும் பெண்டாட்டி சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"விக்கறதுன்னா நேத்தே வித்திருக்கலாமே."

"நேத்து இவ்வளவு கோபம் வரலையே" என்றார்.