தோற்ற ஆட்டத்துக்கு ஒரு பக்கம்

இரண்டாவது மாடியில், லிப்டின் மூடிய கதவில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்தபடி நிற்கிறார். பையும் கையுமாகக் காத்திருக்கும் ஏழு பேர் தாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மேலே எங்கோ வடம் உருளுகிறது, ஒரு முனகல், ஒரு ‘டக்’. அவர் கண் திறக்கிறார்.

“அஞ்சாவது மாடி தாண்டுறப்ப இவளுக்கு மூச்சு வாங்குது. இறங்குறப்ப நல்லாத்தான் இருக்கா. அரை மணி நேரம் குடுங்க, சரியாக்கிடுறேன்.”

எங்கள் தெருவில் உள்ள பதினோரு லிப்டுகளுக்கும் அவர்தான் மெக்கானிக். எல்லா லிப்டும் அவருக்குப் பெண்பால். ஒருத்திக்குச் சளி, ஒருத்திக்குக் கோபம், மூலை வீட்டுப் பழைய லிப்டுக்கு மட்டும் “வயசாயிடுச்சு, மரியாதையா நடத்துங்க”. சட்டைப் பையில் பேனாவும் மின்சாரம் பார்க்கும் டெஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் ஒருமுறை டெஸ்டரால் கையெழுத்துப் போடப் பார்த்ததை நானே கண்டேன். பேனாவை எங்கே செருகப் பார்த்தார் என்று கேட்காதீர்கள். உயிரோடு இருக்கிறார், அது போதும்.

இப்படிப்பட்டவர் லிப்டில் ஏறமாட்டார். எட்டு மாடிக்கு மேல் மொட்டைமாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கும் படியேறித்தான் போவார்.

“ரிப்பேர் பண்றவனே உள்ள மாட்டிக்கிட்டா, வெளியில இருந்து யாரு வருவா பெரியம்மா?” என்று என்னையே கேட்பார்.

இதனால் அவருக்கு ‘மாடிப்படி’ என்று பெயர். லிப்ட் நின்றுபோனால், “மாடிப்படியைக் கூப்பிடு” என்று எட்டு மாடியிலும் குரல் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் குழம்பிப்போவார்கள். இதுவரை அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நிலாவுக்குப் போய், அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பாதி வழி திரும்பியிருப்பார். கணக்குப் போட்டது நான்தான். யாரும் சரிபார்க்க வேண்டாம்.

விதி என்றால் அவருக்கு விதிதான். லிப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால், ஒன்பதாவது ஆள் ஒரு கைக்குழந்தையாக இருந்தாலும் யோசிப்பார். கல்யாணமான புதிதில் பெண் வீட்டார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியபோது, லிப்டுக்குள் கடைசியாகக் கால் வைத்தவர் மாமனார். “மன்னிச்சுக்குங்க மாமா, நீங்க ஒம்பதாவது” என்று அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். மாமனார் அப்புறம் மூன்று வருடம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. அதை ஒரு நஷ்டமாக மருமகன் நினைத்ததாகத் தெரியவில்லை.

அவர் வீட்டுக் கூடத்தில் நுழைந்தால் முதலில் இடுப்பில் இடிப்பது டேபிள் டென்னிஸ் மேசை. கூடத்தில் மேசை இருக்கிறது என்பதைவிட, மேசையைச் சுற்றிக் கொஞ்சம் கூடம் இருக்கிறது என்பதே சரி. அதில்தான் சாப்பாடு, துணி மடிப்பு, மின்சார பில் தேடல் எல்லாம். நடுவில் ஓடும் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மனைவி. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அந்த அம்மாள், உப்புக் கிண்ணத்தைக்கூட அளந்துதான் தள்ளுவாள். ஓரத்தில் விழாமல் சரியாக அவர் தட்டருகே போய் நிற்கும்.

மேசை மகனுடையது. பதினேழு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். பள்ளி அணியில் ஆடியவன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவன் பேசியதெல்லாம் ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான், அதுவும் அவன் தோற்ற ஆட்டம். பாயிண்ட் பாயிண்டாகச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் எதிராளி இரண்டு அங்குலம் வளர்வான். கடைசி மாதத்தில் அந்தப் பையனின் தலை கூரையைத் தொட்டது. நர்சுகள் ஊசியோடு நின்று கேட்டுவிட்டுத்தான் குத்துவார்கள்.

அவன் பெயரில் இருவரும் ஒரு நினைவு உதவித்தொகை நடத்துகிறார்கள். விளையாடிக்கொண்டிருந்து, பெரிய அடியோ பெரிய வியாதியோ வந்துவிட்ட மாணவர்களுக்கு. வருடத்துக்கு நான்கு பேர். படிப்பும் விடுதியும் பார்த்துக்கொள்ளப்படும். முதல் வருடம் வந்த மனுக்களைப் பிரித்து ஒரு பக்கம் படிப்பதற்குள் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். எல்லாம் வலி, வாந்தி, கண்ணீர். மறு வருடமே அவர் படிவத்தை மாற்றி அச்சடித்துவிட்டார்.

“வியாதியப் பத்தி டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. அதை எதுக்கு இந்தப் புள்ளைங்க இன்னொரு தடவ எழுதணும்? நீ எந்த ஆட்டத்துல தோத்த, எப்படித் தோத்த, அதை எழுது. ஒரு பக்கம். அதுக்கு மேல எழுதினா அது சாக்குச் சொல்றது.”

அந்தப் பக்கம் இல்லாத மனு செல்லாது. ஜெயித்த கதையை எழுதிய ஒரு சைக்கிள் வீரனுக்குத் திருப்பி அனுப்பி, தோற்றதை எழுதி வாங்கிய பிறகுதான் கொடுத்தார்.

மனுக்களைப் படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குறிப்போம். மேசையில் நான்கு பேர்: அவர், மனைவி, மகனுக்குச் சொல்லிக்கொடுத்த கோச், அப்புறம் நான். என் வேலை உரக்கப் படிப்பது. “உள்ளத மட்டும் படிங்க பெரியம்மா” என்று ஒவ்வொரு வருடமும் ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுவார். எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு விளங்குவதே இல்லை.

இந்த வருடம் மூன்று பேர் சுலபமாக முடிவாகிவிட்டார்கள். முதுகெலும்பில் அடிபட்ட நீச்சல்காரன், தன் பக்கத்துப் பாதையில் போனவனின் மஞ்சள் தொப்பியை மட்டுமே அரைப் பக்கம் எழுதியிருந்தான். கோச் சிரித்துத் தேநீரைச் சிந்தினார். நான்காவது மனு ஒரு கல்லூரிப் பெண்ணுடையது. டேபிள் டென்னிஸ். இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம். வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த மெஷின் கல்லூரி இருக்கும் இந்த ஊரில் உண்டு, அவள் ஊரில் கிடையாது. பணம் கட்ட முடியாமல் விடுதி கைவிட்டுப் போனால் படிப்பும் போகும், மெஷினும் போகும். இதெல்லாம் டாக்டர் எழுதியது. அவள் எழுதியது மூன்றே வரி. படித்தேன்.

“பள்ளியில் நான்கு வருடம் ஆடினேன். எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஒரு இறுதி ஆட்டத்துக்கு மட்டும் வர முடியவில்லை.”

“உள்ளதப் படிங்க பெரியம்மா!”

“உள்ளதே இதுதாம்ப்பா.”

காகிதத்தைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சுத்தமாக இருந்தது.

“நானும் பழைய பதிவெல்லாம் பாத்துட்டேன்ணே, பொண்ணு பொய் சொல்லல” என்றார் கோச். “பைனல் அன்னிக்கிக் காலையிலதான் முதல் தடவையா ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. எதிராளி ஆடாமலே ஜெயிச்சதா வாக்ஓவர் குடுத்துட்டாங்க.”

“அப்ப தோத்ததாத்தானே அர்த்தம்?” என்றாள் மனைவி. “அதையே பக்கமா வச்சுக்குங்க.”

“அதெப்படி அண்ணி? ஒரு பந்துகூட போடல. ஆடாத ஆட்டத்துல யாரு தோக்க முடியும்?”

இதன்மேல் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. நாடுகளுக்கு எல்லை பிரித்தவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டார்கள். மெக்கானிக் நகத்தைக் கடித்தார். அவருக்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மாமனாரையே வெளியே நிறுத்திய மனிதர்.

“கூப்பிடு அவளை” என்றார் கடைசியில்.

விடுதி பக்கம்தான். அரை மணியில் வந்தாள். ஒல்லி, கண் மட்டும் பெரிது. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். மெஷினுக்குக் குழாய் சொருக அந்தக் கையில்தான் ரத்தக்குழாயை வெட்டி ஒட்டியிருக்கிறார்களாம். அவள் ஆடுவதும் இடது கையால்தான் என்பதை யாரும் அப்போது டாக்டரிடம் சொல்லவில்லை.

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “வராம போனதுக்குப் பேரு தோல்வியா அங்கிள்?” என்றாள். “நான் வந்திருந்தா அவ பதினொண்ணுக்கு நாலுன்னு தோத்திருப்பா.”

“ஏதாவது ஒண்ணு சும்மா எழுதிடேன் கண்ணு” என்று மனைவி அவள் காதில் சொன்னாள். அந்தக் கிசுகிசுப்பு வாசல்வரை கேட்டது. “யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே ஆன்ட்டி.”

மெக்கானிக் எழுந்தார். மேசையில் இருந்த தட்டு, டம்ளர், மடித்த துணி எல்லாவற்றையும் வாரி என் மடியில் கொட்டினார். பீரோவின் மேலிருந்து வலையை எடுத்துக் கட்டினார்.

“சரி. இப்ப தோத்துடு. ஒரே கேம். தோத்துட்டு, அதை எழுதிக் குடுத்துட்டுப் போ.”

“நான் ஆடறேன்ணே” என்று கோச் பாய்ந்தார்.

“நீ ஆடினா அம்பயர் யாரு? பெரியம்மாவா? ஒரு பாயிண்ட நாலாச் சொல்லுவாங்க.”

நான் எழுந்து சண்டைக்குப் போயிருப்பேன். மடியில் டம்ளர்கள் இருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்குக்கு ஆடத் தெரியாது. மகன் இருந்த காலத்தில் இந்த மேசைக்குப் பத்தடிக்குள் வரக்கூடாது என்று அவருக்குத் தடை இருந்தது. பந்தை அவர் அடிப்பதைப் பார்த்தால், ஈ விரட்டுகிற மனிதர் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் பெண் வலது கையில் மட்டையைப் பிடித்தாள். முதல் மூன்று பாயிண்டைத் தானமாகவும் கொடுத்தாள். பந்து வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீதியை அந்தப் பழகாத கை தானாகவே கொடுத்தது. மெக்கானிக் துள்ளினார். குனிந்தார். ஒருமுறை மட்டையை விட்டுவிட்டார். அது போய் விளக்கின் கண்ணாடி மூடியை உடைத்தது. “போகட்டும், போகட்டும், ஆடுங்க!” என்று மனைவி கத்தினாள். தன் வீட்டுச் சாமான் உடைந்ததற்கு அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

“பத்து, ஏழு” என்றார் கோச். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். சர்வ் மெக்கானிக்குடையது. கையைச் சட்டையில் துடைத்தார். வாழ்க்கையில் எந்த லிப்டையும் இவ்வளவு கவனமாக அவர் தொட்டிருக்கமாட்டார். போட்டார். வலையில் விழுந்தது.

அடுத்த இரண்டு சர்வ் அவளுடையது. வலையில் போட்டால் முடிந்தது. விடுதி, படிப்பு, மெஷின் எல்லாம் அவளுக்கு. அவளுக்கும் அது தெரியும். பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி உதட்டை அசைத்தாள்: நெட்டு, நெட்டு.

பந்து மேலே போயிற்று. இறங்கும்போது அந்த வலது கைக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிட்டது. பந்து மேசையில் பட்டு, பக்கவாட்டில் ஓடி, மெக்கானிக்கின் முழங்கையை உரசிக்கொண்டு போய்விட்டது. அடுத்ததும் அவர் மட்டைக்கு எட்டவில்லை. பத்துக்குப் பத்து; இனி இரண்டு பாயிண்ட் முந்தினால்தான் ஜெயிப்பு. அதன் பிறகு மெக்கானிக் நிஜமாகவே உயிரைக் கொடுத்து ஆடினார். அவளை ஜெயிக்க விடக்கூடாது என்று ஒரு மனிதர் அவளுக்காகவே அப்படிப் பாடுபட்டார். பயனில்லை. பன்னிரண்டுக்குப் பத்து. ஆட்டம் அவளுக்கு.

பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“சாரி அங்கிள். விட்டுடலாம்னுதான் நெனச்சேன். கை கேக்கல.” அப்புறம், மிகச் சின்னக் குரலில், “நான் கெளம்பறேன்” என்றாள்.

“உக்காரு” என்றார் மெக்கானிக்.

கோச் ஸ்கோர் குறித்த நோட்டை மூடினார். “இப்ப என்னண்ணே பண்றது? நாலாவது இடத்த இந்த வருஷம் காலியா விட்டுடலாமா?”

மெக்கானிக் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். என் மடியில் கிடந்த அவளுடைய மனுவை எடுத்து, அந்த மூன்று வரிக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். சட்டைப் பையிலிருந்து, ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, பேனாவை எடுத்தார்.

“நான் நெட்டுல போட்டேன்ல, அப்ப ஸ்கோர் என்ன?”

“பத்து ஏழு” என்றார் கோச், ஒன்றும் புரியாமல்.

“அதுக்கப்புறம் ரெண்டு சர்வ். எந்தப் பக்கம் போட்ட நீ? ரெண்டும் ஒரே பக்கமா?”

பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“முதல்ல ஒங்க வலது பக்கம் அங்கிள். ரெண்டாவது நடுவுல. நீங்க நகரவே இல்ல.”

“நகர்ந்தேன். கொஞ்சம் லேட்டா நகர்ந்தேன். தோத்தது நான்தானே, உன் மனுவுக்கு அந்தப் பக்கத்த நானே எழுதறேன்.”

எழுத ஆரம்பித்தார். எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப்பார்த்தது. ஒரு வரியை அடித்தார். மேலே ஏதோ சேர்த்தார். கோச் பின்னால் வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்து எழுதிவிடுவானோ என்று பயப்படுகிற பிள்ளையைப் போல, இடது கையை வளைத்துப் பக்கத்தை மறைத்துக்கொண்டார்.